நம்பி விட்டு வரலாமா?

தேவிகுளத்துத் தேயிலைத் தோட்டங்களில் பொழுது புலருமுன்னரே லயங்களில் விளக்கு எரியத் தொடங்கிவிடும். உலை வைத்து, சோறு வடித்து, தூக்குப் பாத்திரத்தில் கட்டிக்கொண்டு, கூடையும் படங்குமாகப் பெண்கள் மலைச் சரிவில் ஏறுவார்கள். அந்த வரிசையில் ஒரு தாயை மனக்கண்ணால் காண்போம். அவளுக்கு வயது ஐம்பத்தைந்து. முப்பது வயதில் ஒரு மகன் இருக்கிறான். உடல் வளர்ந்துவிட்டது, ஆனால் தானாக உண்ணவும், உடுத்தவும், ஆபத்தைக் கண்டு விலகவும் அவனுக்கு இயலாது. வேளைக்கு மாத்திரை கொடுக்காவிட்டால் வலிப்பு வரும். அண்டை வீட்டுப் பாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, கதவைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டு அவள் புறப்படுகிறாள். பகல் முழுவதும் அவள் கை கொழுந்தில் இருக்கும். நெஞ்சு அந்தப் பூட்டில் இருக்கும்.

இப்போது அவளுக்கே நோய் வந்துவிட்டது. கருப்பையை எடுக்க வேண்டும், பத்து நாள் ஆஸ்பத்திரியில் தங்க வேண்டும் என்று மருத்துவர் கூறிவிட்டார். மகனை யார் பார்ப்பது? மூன்று முறை நாள் குறித்து, மூன்று முறையும் தள்ளிப் போட்டுவிட்டாள். எங்கோ ஒரு காப்பகம் இருக்கிறது, பத்து நாள் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள் என்று யாரோ சொல்லுகிறார்கள். அவள் கேட்பது ஒரே கேள்வி: “நம்பி விட்டு வரலாமா?”

இத்தாய் கற்பனைத் தாய்தான். ஆயினும் இவளைப் போன்ற ஒருத்தி குடியிராத தோட்டம் உண்டா என்பதை வாசக அன்பர்களே சொல்ல வேண்டும். கொழிஞ்சாம்பாறையிலோ சித்தூரிலோ இருந்து கோயம்புத்தூர் ஆலைக்கு வேலைக்குச் செல்லும் மகளும், மறதி நோயால் தன் பெயரையே மறந்துவிட்ட தாயை வீட்டில் வைத்துக்கொண்டு இதே கேள்வியைத்தான் கேட்கிறாள். அக்கேள்விக்கு இயன்றவரை விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

உறவு இல்லாத ஊரில்

சொந்த ஊரில் இருந்தால் இக்கேள்வி இவ்வளவு கடுமையாக எழுந்திராது. அத்தை ஒருத்தி இருப்பாள். சித்தி ஒருத்தி இருப்பாள். நான்கு நாள் நீ போய் வா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல ஒரு வாய் இருக்கும். நம் முன்னோர் மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிகளின் பின்னால் மலை ஏறியபோது, உழைக்கும் கைகளை மட்டுமே கொண்டு வந்தார்கள். உறவு முழுவதையும் கொண்டு வர இயலவில்லை. 1956 நவம்பர் 1-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் முதலிய பகுதிகள் கேரளத்தில் அமைந்தன. உறவினர் ஒரு மாநிலத்திலும் நாம் ஒரு மாநிலத்திலுமாக ஆனோம். இன்றும் போடிமெட்டு வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் ஏலத் தோட்ட வேலைக்கு ஜீப்புகளில் வந்து போகின்றவர்களின் நிலையும் இதுவே.

இன்னொன்றும் எண்ணிப் பார்க்கத் தக்கது. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பதோ அதற்கு மேலோ பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டுமென்று விதித்தது. தாய் கொழுந்து பறிக்கையில் கைக்குழந்தையை யார் காப்பது என்று அரசாங்கம் அன்றே எண்ணிப் பார்த்தது. நன்று. ஆனால் குழந்தை வளர்ந்தும் குழந்தையாகவே இருந்துவிட்டால்? அதற்கு அச்சட்டத்தில் இடம் இல்லை. தாய் வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் லயத்து வீட்டையும் விட வேண்டியிருக்கிறது என்பது நாம் அனைவரும் அறிந்த துன்பம். தனக்குப் பின் இவன் எங்கே என்ற கவலை அவளை வாட்டாத நாள் இல்லை.

ஆதலின், நம் குடும்பங்களுக்குச் சில நாட்களுக்கு மட்டும் ஒருவரை ஏற்றுப் பேணும் இடைக்காலக் காப்பகம் ஆடம்பரம் அன்று. அத்தையும் சித்தியும் இல்லாத ஊரில் அவர்களுடைய இடத்தில் நிற்க வேண்டிய ஒன்று அது. ‘பெற்ற பிள்ளையைப் பிறரிடம் விடுவதா?’ என்று அக்கம்பக்கத்தார் பழிப்பதும் உண்டு. பேணுபவள் விழுந்துவிட்டால் பேணப்படுபவனும் விழுவான். இளைப்பாறுவது குற்றம் அன்று. ஆராயாமல் விட்டுவிட்டு வருவதே குற்றம்.

இருப்பவை எவை?

நம் பக்கத்தில் ஒன்றுமே இல்லை என்று கூறிவிட முடியாது. மூணாற்றில் 1990-களின் தொடக்கத்தில் ஏற்பட்ட ‘ஸ்ரிஷ்டி’ நிலையம், தோட்டத் தொழிலாளரின் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சியும் தொழிலும் தந்து வந்திருக்கிறது. இயற்கைச் சாயமிடுதலும் கைக்காகிதம் செய்தலும் அவர்கள் கற்ற தொழில்கள். கேரளத்தில் 2004-இல் வெங்ஙானூர் ஊராட்சியில் தொடங்கிய ‘பட்ஸ்’ பள்ளிகள் பல ஊராட்சிகளில் பரவின. பதினெட்டு வயது கடந்தவர்களுக்கென ‘பட்ஸ்’ மறுவாழ்வு மையங்களும் தோன்றின. 2008-இல் நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கென்றே கேரள அரசு கொள்கை வகுத்தபின், செவிலியர் வீடு தேடி வந்து படுக்கையில் இருப்போரைப் பார்க்கும் வழக்கம் ஊராட்சிதோறும் வளர்ந்தது. படுத்த படுக்கையானவரைப் பேணுவோர்க்கு ‘ஆசுவாசகிரணம்’ என்னும் உதவித்தொகைத் திட்டமும் உண்டு.

இவற்றை அறியாத நம்மவர் பலர். முதலில் இவற்றைக் கேட்டுப் பெற வேண்டும். ஆனால் இவற்றுள் பெரும்பாலானவை பகல் நேரத்துக்கு உதவுபவை. இரவு தங்கும் இடம் வேண்டுமென்றால் தேட வேண்டியிருக்கிறது. 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய அறக்கட்டளை, தன்முனைப்புக் குறைபாடு, மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பலவகைக் குறைபாடு ஆகியவை உடையோருக்காக ‘சமர்த்’ என்ற பெயரில் இடைக்காலத் தங்கலுக்கெனத் திட்டம் வகுத்தது. இவையன்றித் தர்ம நிலையங்களும் தனியார் இல்லங்களும் மலைக்குக் கீழே இரு மாநிலங்களிலும் உள்ளன. அவற்றுள் கோயில் போன்றவையும் உண்டு. கொட்டடி போன்றவையும் உண்டு. பெயர்ப் பலகையைப் பார்த்து வேறுபாட்டை அறிய முடியாது.

ஏர்வாடி கற்பித்த பாடம்

2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மனநோயாளரைத் தங்க வைத்திருந்த கூரைக் கொட்டகை ஒன்று தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 உயிர்கள் மாய்ந்தன. அத்தகைய இல்லங்களை அரசு பின்னர் மூடிற்று. உச்ச நீதிமன்றம் தானாகவே அதனை வழக்காக எடுத்துக்கொண்டது.

அங்கே நோயாளரைக் கொண்டு போய் விட்டவர்கள் பகைவர்கள் அல்லர். பெற்றோரும் உடன்பிறந்தோருமே பெரும்பாலும் விட்டவர்கள். வேறு வழி அறியாமலும், நம்பிக்கையினாலும், களைப்பினாலும் விட்டார்கள். மாதம் பணம் அனுப்பினார்கள். அங்கே இரவில் என்ன நடக்கிறது என்று அறிய அவர்களுக்கு வழி இல்லாமற் போயிற்று.

இது ஏழை நாட்டில், ஓலைக் கொட்டகையில் நேர்ந்தது, பணம் செலவிட்டால் இத்தகைய கொடுமை நேராது என்று எண்ணுவோர் இன்னொரு செய்தியையும் கேட்க வேண்டும். பிரிட்டனில் பிரிஸ்டல் நகருக்கு அருகே விண்டர்போர்ன் வியூ என்னும் தனியார் மருத்துவ இல்லம் இருந்தது. அறிவுசார் குறைபாடு உடையோரை அங்கே தங்க வைத்தார்கள். ஒருவருக்கு வாரத்திற்குச் சராசரியாக 3,500 பவுன் செலவாயிற்று. 2011 மே மாதத்தில் பி.பி.சி. தொலைக்காட்சி மறைவாக எடுத்த படங்களை வெளியிட்டபோது, ஊழியர்கள் அவர்களை அடிப்பதையும் இழிவு செய்வதையும் நாடே கண்டது. பதினொருவர் குற்றவாளிகள் என முடிவாகி, அவர்களுள் ஆறு பேர் 2012-இல் சிறை சென்றனர். அங்கே வேலை பார்த்த செவிலியர் ஒருவர் முன்னரே மேற்பார்வை நிறுவனத்திற்கு எழுதியிருந்தார். அது கவனிக்கப்படவில்லை என்பதும் பின்னர் தெரிய வந்தது.

ஓலைக் கொட்டகைக்கும் பளிங்குக் கட்டடத்திற்கும் ஒரே நோய்தான். கதவு பூட்டியிருந்தது, உள்ளே இருந்தவர்களால் பேச முடியவில்லை, வெளியே இருந்தவர்கள் வந்து பார்க்கவில்லை. ஆகவே, தரம் என்பது கட்டடத்தில் இல்லை, கட்டணத்தில் இல்லை, சுவரில் மாட்டிய சான்றிதழில் மட்டும் இல்லை. பேச முடியாதவருக்காகப் பார்க்கும் கண்கள் எத்தனை அங்கே நுழைய முடிகிறது என்பதே முதல் உரைகல்.

சட்டம் என்ன கூறுகிறது?

சட்டம் நமக்குச் சாதகமாகவே இருக்கிறது. நாம்தான் அதை அறிந்திருப்பதில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, அவர்களுக்கான நிலையம் எதையும் பதிவுச் சான்று இல்லாமல் நடத்தக் கூடாது. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம், மனநோயாளரைத் தங்க வைக்கும் நிலையங்களும் பதிவு பெற வேண்டும் என்கிறது. எந்த வடிவிலும் எவரையும் சங்கிலியால் பிணிக்கலாகாது என்றும் அது தடை விதித்துள்ளது.

அச்சட்டம் கூறும் வேறு சில உரிமைகளைக் கேட்டால் நம் தாய்மார்கள் வியப்பார்கள். கட்டாயமாகத் தலையை மழிக்கக் கூடாது. விரும்பினால் தம் சொந்த உடையை உடுத்தலாம். சீருடை அணியுமாறு வற்புறுத்தக் கூடாது. வேலை செய்யுமாறு கட்டாயப்படுத்தக் கூடாது. செய்தால் தகுந்த கூலி தர வேண்டும். பெண்களுக்கு மாதவிலக்குக் காலத்தில் வேண்டிய பொருள்கள் கிடைக்க வேண்டும். தனிமறைவு வேண்டும், நல்ல உணவும் துப்புரவும் வேண்டும். காப்பகத்து வாசலில் கால் வைத்ததும் மொட்டைத் தலைகள் வரிசையாகக் கண்ணில் பட்டால், பேன் தொல்லைக்காக என்று சமாதானம் கூறினாலும், நின்று யோசிக்க வேண்டும். ஒருவருடைய தலைமுடியைக் கூட மதிக்காத இடம் அவருடைய வலியை மதிக்குமா?

கண்டும் கேட்டும் படித்தும்

உலக சுகாதார நிறுவனம் 2012-இல் இத்தகைய நிலையங்களை மதிப்பிட ஒரு கையேட்டை வெளியிட்டது. வாழ்க்கை வசதி, உடல் மன நலம், தம் விருப்பப்படி முடிவு செய்யும் உரிமை, கொடுமையிலிருந்து பாதுகாப்பு, சமூகத்தோடு கூடி வாழும் வாய்ப்பு ஆகிய ஐந்து தலைப்புகளில் அது ஆராயச் சொல்லுகிறது. ஆராயும் முறை மூன்று: நேரில் காண்பது, அங்குள்ளோரிடமும் குடும்பத்தாரிடமும் ஊழியரிடமும் கேட்பது, ஏடுகளைப் படிப்பது. இதனைச் செய்ய நிபுணராக இருக்க வேண்டுவதில்லை. பெண் பார்க்கப் போகும் வீட்டில் சமையற்கட்டு வரை நோட்டம் விடுகிற நம்மவர்க்கு இக்கலையைக் கற்பிக்க வேண்டுமா?

முதலில் காண்பது. ஒரு முறை சொல்லிவிட்டுச் செல்லுங்கள். ஒரு முறை சொல்லாமல் செல்லுங்கள். ஒரு முறை இரவு உணவு நேரத்தில் செல்லுங்கள். பகல் பத்து மணிக்கு எல்லா இல்லங்களும் அழகாகவே இருக்கும். ஊழியர் குறைந்து, களைப்பு மிகுந்து, விளக்கு மங்கும் ஏழு மணிக்கே உண்மை முகம் தெரியும். சொல்லாமல் வந்தால் உள்ளே விட மாட்டோம் என்பார்களானால், காரணம் கேளுங்கள். தங்கியிருப்பவர்களின் மறைவைக் காப்பதற்காகச் சிறிது நேரம் காக்க வைத்தால் அது முறை. திரும்பி அனுப்பிவிட்டால் நீங்களும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

உள்ளே நுழைந்ததும் மூக்கு முதற்சாட்சி. மூத்திர நாற்றம் எங்கும் சூழ்ந்திருந்தால் துணி மாற்ற ஆள் இல்லை என்பது பொருள். பினாயில் நெடி மட்டும் மிகுந்திருந்தால் அதனால் எதை மறைக்கிறார்கள் என்று பாருங்கள். கழிவறைக்குக் கதவு உண்டா, தண்ணீர் வருகிறதா, உள்ளே பிடித்து எழ ஒரு கம்பி உண்டா? படுக்கையில் இருப்பவரின் கைக்கு எட்டும் தூரத்தில் குடிநீர் இருக்கிறதா? ஊழியர் அங்குள்ளோரைப் பெயர் சொல்லி அழைக்கிறார்களா, ‘ஏய்’ என்கிறார்களா? அங்குள்ளோர் ஊழியரைக் கண்டதும் முகம் மலர்கிறார்களா, ஒதுங்குகிறார்களா?

அடுத்தது கேட்பது. இரவில் எத்தனை பேர் விழித்திருப்பார்கள்? பெண்களுக்குப் பெண் ஊழியர் இரவிலும் உண்டா? கதவு பூட்டப்படுமானால் சாவி யாரிடம் இருக்கும்? தீப்பிடித்தால் வெளியேற இரண்டாவது வழி எது? இக்கேள்விகளைக் கேட்க ஏர்வாடியில் மாண்டவர்கள் நமக்கு உரிமை தந்து சென்றிருக்கிறார்கள். வலிப்பு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். ஒருக்களித்துப் படுக்க வைப்போம், வாயில் எதையும் திணிக்க மாட்டோம், ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் மருத்துவமனைக்குக் கொண்டு செல்வோம் என்று விடை வந்தால் அறிந்தவர்கள். கையில் இரும்பைக் கொடுப்போம் என்று விடை வந்தால் அறியாதவர்கள்.

மூன்றாவது படிப்பது. பதிவுச் சான்று எந்த ஆண்டு வரை செல்லும்? மாத்திரை கொடுத்த நேரமும் கொடுத்தவர் கையெழுத்தும் உள்ள ஏடு உண்டா? வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரக்கூடும். அதுபோலவே அமைதியாகக் கிடக்கட்டும் என்று மருத்துவர் எழுதாத தூக்க மாத்திரையைக் கொடுப்பதும் கொடுமை. விழுந்தவர், காயம்பட்டவர் பற்றிய குறிப்பேடு உண்டா? ‘இங்கே யாரும் விழுந்ததே இல்லை’ என்று பெருமை பேசும் இல்லத்தை விட, ‘சென்ற மாதம் ஒருவர் விழுந்தார், அதன் பின் இந்தப் படியில் கைப்பிடி வைத்தோம்’ என்று கூறும் இல்லமே நம்பத் தக்கது. செலுத்தும் பணத்திற்கு ரசீது கேட்கவும் கூசக் கூடாது.

குற்றம் காண்பதற்காகவே செல்வதும் முறை அன்று. பிறர் வீட்டுப் பிள்ளைக்குப் பல் துலக்கி, மலம் கழுவி, சோறு ஊட்டும் ஊழியருக்கு ஊதியம் பெரும்பாலும் சொற்பம். வாரத்தில் ஒரு நாளேனும் உங்களுக்கு விடுமுறை உண்டா என்று அவர்களையும் கேளுங்கள். ஓய்வு இல்லாத ஊழியர் நம் வீட்டாருக்கு ஓய்வு தர முடியாது.

பசி, தண்ணீர், வலி

எல்லைப்புறத்துத் தமிழர் தவறாமல் ஆராய வேண்டியது மொழி. நமக்கு மலையாளம் ஓரளவு வரும். நம் வீட்டு மகனுக்கு வராது. அவனுக்குத் தெரிந்தவை பத்துச் சொற்களாக இருக்கலாம். அவற்றுள் உயிர்ச் சொற்கள் மூன்று: பசி, தண்ணீர், வலி. மலையாளத்திலோ பசிக்கு ‘விசப்பு’ என்றும், தண்ணீருக்கு ‘வெள்ளம்’ என்றும், வலிக்கு ‘வேதன’ என்றும் வழங்குகிறார்கள். ‘வலிக்குது’ என்று அவன் அழுதால், தமிழ் அறியாத ஊழியரின் காதில் அது இழுப்பதைக் குறிக்கும் சொல்லாக விழக்கூடும். உடன்பிறந்த மொழிகளே ஆயினும் நோயாளியின் படுக்கையருகே இந்தச் சிறு இடைவெளி பெரும் பள்ளமாகிவிடும். மறதி நோயுற்ற முதியோருக்குப் பின்னாளில் கற்ற மொழி முன்னதாக நழுவுவதும், தாய்மொழி மட்டும் எஞ்சுவதும் உண்டு.

ஆகையால், ஒவ்வொரு வேளையிலும் தமிழ் அறிந்த ஒருவரேனும் பணியில் இருப்பாரா என்று கேளுங்கள். அத்துடன், ஒரு தாளில் அவனைப் பற்றி எழுதிக் கொடுங்கள்; ஒரு பக்கம் தமிழிலும் மறு பக்கம் மலையாளத்திலும் இருக்கட்டும். எந்த மாத்திரை எப்போது, எந்த உணவு தொண்டையில் சிக்கும், உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டுமா, எதைக் கண்டால் அஞ்சுவான், எந்த ஒலி எழுப்பினால் என்ன பொருள், எந்தப் பாட்டுக்கு அமைதி அடைவான் என்பவை அதில் இருக்க வேண்டும். தாய்க்கு மட்டுமே தெரிந்த அந்த அகராதியை அந்தத் தாள்தான் பிறருக்குக் கொண்டு சேர்க்கும். அதை வாங்கி ஊன்றிப் படித்து, இரண்டு கேள்வி திருப்பிக் கேட்கிற இல்லம் நல்ல இல்லம். படிக்காமலே மேசை அறைக்குள் போடுகிற இல்லத்தைப் பற்றி நான் கூறவும் வேண்டுமோ?

திரும்பி வந்தவர் கூறும் சாட்சி

முதல் தடவையிலேயே பத்து நாள் விட்டுவிடலாகாது. ஒரு பகல் விட்டுப் பாருங்கள். பின்னர் ஓர் இரவு. பின்னர் மூன்று நாள். அவசரம் வருமுன்னரே இதைச் செய்து வைப்பது அறிவுடைமை. ஆபத்து நேரத்தில் கிடைத்த இடத்தில் விடுவோர்க்குத் தேர்ந்தெடுக்க நேரம் இராது.

திரும்பி வந்த அன்றே, அன்போடு குளிப்பாட்டும்போது உடலைப் பாருங்கள். குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் தோல் சிவந்தோ புண்ணாகியோ உள்ளதா? தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறை புரட்டாவிட்டால் படுக்கைப் புண் தோன்றும். மணிக்கட்டிலும் கணுக்காலிலும் கட்டிய தடம் உண்டா? போகும்போது பார்த்த எடையும் வந்தபின் பார்த்த எடையும் என்ன? நகம் வெட்டியிருக்கிறதா? மாத்திரைப் பட்டையில் எண்ணிக்கை சரியாக இருக்கிறதா?

பின்பு மனத்தைப் பாருங்கள். ஒரு குறியை மட்டும் வைத்து முடிவு செய்யலாகாது. வீட்டை விட்டுப் பிரிந்த ஏக்கத்தால் ஓரிரு நாள் உணவு குறைவதும், தூக்கம் கெடுவதும், தாயை விடாமல் பற்றிக்கொள்வதும் இயல்பு. ஆனால் நீங்கள் கையை உயர்த்தினால் தலையைக் காத்துக்கொள்கிறானா? முன்பு இல்லாத அச்சத்தோடு இரவில் அலறுகிறானா? உடை மாற்றத் தொட்டால் பதறுகிறானா? அந்த இல்லத்தின் பெயரைச் சொன்னால் ஒடுங்குகிறானா? இவை சேர்ந்து தோன்றினால் மருத்துவரிடம் காட்டுங்கள். நாள், நேரத்தோடு எழுதி வையுங்கள். தடம் இருந்தால் படம் எடுத்து வையுங்கள். அவனுக்குப் பேச வராமற் போனாலும் அவன் உடல் பேசும்.

கொடுமை நடந்ததென்று நம்ப இடம் இருந்தால் 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி நிர்வாக நடுவருக்குத் தெரிவிக்கலாம். உறவினர்தாம் தெரிவிக்க வேண்டும் என்பதில்லை. அறிந்த எவரும் தெரிவிக்கலாம். தேவிகுளத்தில் சப்-கலெக்டர் அலுவலகம் நமக்கு அருகிலேயே இருக்கிறது. மாவட்டச் சமூக நீதி அலுவலரிடமும், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடமும் முறையிடலாம். 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் தமிழர் தமிழிலேயே அரசு அலுவலகங்களுக்கு எழுத இடம் தந்திருக்கிறது. மலையாளத்தில் எழுதத் தெரியவில்லை என்று ஒருவரும் வாயடைத்திருக்க வேண்டுவதில்லை.

சங்கம் செய்யத் தக்கது

இவ்வளவும் கூறியபின் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். தனித்த குடும்பம் முறையிட அஞ்சும். இருப்பதோ ஒரே காப்பகம். குறை சொன்னால் அடுத்த முறை சேர்த்துக்கொள்ள மாட்டார்களே என்ற அச்சம் நாவைக் கட்டிவிடும். இந்த அச்சம் நியாயமானது. தனி மனிதரின் துணிவால் அது தீராது. பலர் கூடினால் தீரும். 2007-இல் இந்தியா ஏற்றுறுதி செய்த மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையும், இத்தகைய நிலையங்களைச் சார்பற்ற அமைப்புகள் கண்காணிக்க வேண்டும் என்றே கூறுகிறது. அரசாங்கத்தின் கண் ஆண்டுக்கு ஒரு முறை வரலாம். நம் கண் மாதத்துக்கு ஒரு முறை செல்ல முடியும்.

ஆகவே, தமிழ்ச் சங்கங்கள் தத்தம் பகுதியில் இரண்டு பெண்களும் ஓர் ஆணும் கொண்ட சிறு குழுவை அமைக்கலாம். சுற்று வட்டாரத்துக் காப்பகங்களின் இசைவோடு மாதம் ஒரு முறை சென்று, தங்கியிருப்போரோடு தமிழில் சிறிது நேரம் பேசி, கண்டதை ஒரு குறிப்பேட்டில் எழுதலாம். நல்லதைக் கண்டால் கடிதம் எழுதிப் பாராட்டலாம். குறை கண்டால் சங்கத்தின் பெயரால் எழுதலாம். அப்போது எந்தத் தாயின் பெயரும் வெளிவராது. இத்தகைய குழுவை வரவேற்கும் இல்லம் எது, தட்டிக் கழிக்கும் இல்லம் எது என்பதைக் கொண்டே பாதி மதிப்பீடு முடிந்துவிடும்.

இனி, நம் தாயிடம் திரும்புவோம். அவளுக்கு நாம் கூறும் விடை இது: “அம்மா, கண்ணை மூடிக்கொண்டு விட்டு வராதே. முதலில் போய்ப் பார். இருட்டிய பின்னும் ஒரு முறை பார். ஓர் இரவு விட்டுப் பார். திரும்பி வந்தவன் உடம்பைப் பார். சரியென்று பட்டால் மனம் கலங்காமல் விட்டுவிட்டுப் போய் உன் உடம்பைத் தேற்றிக்கொண்டு வா. நீ ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களில் உன் சார்பில் சங்கத்து ஆள் ஒருவர் போய் அவனைப் பார்த்து வருவார்.”

அடுத்த முறை அந்த இல்லத்துக்குப் போகும் ஜீப்பில் அவன் தானாகவே ஏறி உட்கார்ந்தானானால், எந்த அதிகாரி எழுதும் சான்றிதழும் அதற்கு ஈடாகாது.